இருளாயி கொண்டாந்த தண்ணி

நான் சொல்லப்போறதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் குட்டியானை வண்டியோட டயரு நடுரோட்டுல வெடிக்கட்டும். நாலு டயருல ரெண்டு ஏற்கெனவே வழுக்கையாப் போயி வெடிக்க நாள் பாத்துக்கிட்டுக் கெடக்கு, அதச் சேக்கல, புதுசா மாட்டுன ரெண்டு மேலதான் சத்தியம் பண்றேன், அதுலயே தெரிஞ்சுக்கங்க நான் எம்புட்டு நெசம் பேசுறேன்னு. நாலாப்போட நின்னவனுக்குப் பொய் கட்டத் தெரியாது. அதுக்கெல்லாம் பெரிய படிப்பு வேணும், பத்திரம் எழுதுற தங்கச்சாமி அண்ணனுக்கு இருக்கிற மாதிரி.

எங்க ஊரு வேலாங்கரிசல், முதுகுளத்தூருக்குத் தெக்க, கருவ மரத்தத் தவிர வேற எதுவும் தானா மொளைக்காத பூமி. அந்தக் கருவைய வெட்டி அடுக்கி, வைக்கோலப் போட்டு மண்ணப் பூசி மூடி, உள்ள தீய வச்சு நாள் கணக்காப் புகைய விட்டு, பெறகு தண்ணி ஊத்தி ஆத்திப் பிரிச்சா கரி. அதுக்குப் பேரு கரிமூட்டம். அதுல காசு பாத்தவரு வழிவிட்டான் அண்ணன். ஒத்த மூட்டத்துல ஆரம்பிச்சு, பன்னெண்டு மூட்டமாக்கி, கரி அடுக்க ஒரு ஷெட்டுப் போட்டு, நாலு ஏக்கர் கருவக்காடு வாங்கி, கடைசில தரையெல்லாம் வழவழன்னு கல்லு பதிச்சு ஒரு மச்சு வீடும் கட்டிட்டாரு. ஆளும் கரி மாதிரிதான், பாக்க லேசு, தொட்டா ஒட்டிக்கிடும்.

அவரு சம்சாரம் இருளாயி மதினி. கட்டிக்கிட்டு வந்து முப்பத்தி மூணு வருசம். அந்த முப்பத்தி மூணு வருசமும் மதினி என்ன செஞ்சுச்சுன்னு ஊருல யாரக் கேட்டாலும் ஒரே பதில்தான், தண்ணி எடுத்துச்சு. ஒண்ணரை மைலு தள்ளி ஓடைக்குள்ள ஒரு ஊத்து இருக்கு, மணலத் தோண்டிட்டுக் காத்துக் கெடந்தா சுரக்கும், கொட்டாங்கச்சியில மோந்து மோந்து ஊத்தணும். இடுப்புல ஒரு குடம் தலையில ஒரு குடம், நாளைக்கு நாலு நடை. அந்தத் தண்ணியிலதான் அந்த வீட்டுல கஞ்சி வெந்துச்சு, பிள்ள குளிச்சுச்சு, ஆடு குடிச்சுச்சு, வாசல்ல வேம்பு நிமுந்துச்சு, மச்சு வீட்டுக்கு சிமெண்டு கொழச்சாக, பன்னெண்டு மூட்டமும் ஆறுச்சு.

ஊருக்குள்ள காசுள்ள மத்தவுக தொட்டி கட்டி லாரித் தண்ணி எறக்குனாக. மதினி வருசத்துக்கு ஒருக்கா கேக்கும், "நம்மளும் ஒரு தொட்டி கட்டிருவமா?" அண்ணன் வருசத்துக்கு ஒருக்கா அதே பதிலச் சொல்லுவாரு, "நீ இருக்கையில தொட்டி எதுக்கு?" மொத வருசம் அது கொஞ்சலா இருந்துச்சு. முப்பத்தி மூணாவது வருசம் அது கொஞ்சலா இல்ல.

ஒரு நா வெயிலு ஏறுன நேரம், ரெண்டு குடத்தோட வந்த மதினி பரிபூரணம் அக்கா டீக்கடைக்கு எதுத்தாப்புல, நடுரோட்டுல, குடத்த எறக்கி வச்சுட்டுப் பக்கத்துலயே ஒக்காந்துருச்சு. நான் வண்டிய ஒதுக்கிட்டுக் கேட்டேன்.

"என்ன மதினி, காலு நோவா?"

"இல்லப்பா. அலுத்துப்போச்சு."

"சித்த ஒக்காந்துட்டுப் போங்க."

"ஒக்காருறேன். போகல."

சேதி எட்டி வழிவிட்டான் அண்ணன் வந்தாரு. "என்னடி, நடுரோட்டுல கடை விரிச்சிருக்க?"

மதினி தல நிமுந்து பாக்கல, குடத்து வாயத் தொடச்சுக்கிட்டே சொல்லுச்சு. "என்னைய அத்துவிட்டுருங்க."

அண்ணன் சிரிச்சாரு. கூடச் சிரிக்க ஆளு தேடி எங்க மூஞ்சிகளப் பாத்தாரு. பரிபூரணம் அக்கா டீ ஆத்துறதுல ரொம்ப மும்மரமாயிட்டாக, நான் டயருக்குக் காத்து இருக்கான்னு குனிஞ்சு பாத்தேன்.

மறுநா அத்துவிடுறதப் பேசி முடிக்க ரேஷன் கடை வாசல்ல ஊர்க்கூட்டம். தங்கச்சாமி அண்ணன் முத்திரைத்தாளும் மசிப்பொட்டியுமா வந்து ஒக்காந்தாரு. அவரு வரிக்கு இம்புட்டுன்னு காசு வாங்குறவரு, அதனால எதையும் சுருக்கி எழுத மாட்டாரு, ஒரு கோழி வித்த பத்திரத்துலயே அந்தக் கோழியோட நாலு எல்லையும் எழுதுவாரு.

"என்ன கேக்குற தாயி?"

"பாதி வீடு. உசுரு இருக்கிற வரைக்கும் மாசாமாசம் சாப்பாட்டுக்கு."

"வீடு ஏங் காசு, காடு ஏங் காசு, கரி ஏங் காசு," வழிவிட்டான் அண்ணன் எந்திரிச்சுட்டாரு. "இவ வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு குடம். ஒரு நா ஒரு பொழுது ஒரு மூட்டை கரி தூக்கியிருப்பாளா? எனக்கு இவ பொருளு வேணாம் சாமி. இத்தன வருசத்துல ஏன் வீட்டுக்கு என்னத்தச் சொமந்து கொண்டாந்தாளோ, அம்புட்டையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். ஒரு துணுக்கு எனக்கு வேணாம்."

"எழுதிருவமா?"

"எழுதுங்க."

தங்கச்சாமி அண்ணன் எழுதுனாரு, எழுதுனத ராகமா வாசிச்சாரு. "மேற்படி இருளாயி, மேற்படி வீட்டுக்கு, மேற்படி முப்பத்து மூன்று ஆண்டுகளில் சுமந்து கொண்டுவந்தது யாவும், அது எவ்விடத்தில் எவ்வுருவத்தில் எவர் வசம் இருந்தபோதிலும், மேற்படி இருளாயிக்கே பாத்தியம்." எவ்விடத்தில் எவ்வுருவத்தில் எவர் வசம்னு மூணையும் சேத்தது வெறும் வரி நீட்டத்துக்குத்தான், சாமி சத்தியமா வேற நெனப்பு கெடையாது, பெறகு அவரே என்கிட்ட அழுதாரு. ரெண்டு பேரும் கைநாட்டு வச்சாக. எங்க பக்கத்து வழக்கப்படி அண்ணன் கையில ஒரு துரும்பக் குடுத்து, நெஞ்சுக்கு நேரா ரெண்டா ஒடைச்சுப் போடச் சொன்னாக. முப்பத்தி மூணு வருசம் ஒடையுற சத்தம் எம்புட்டு இருக்கும்னு காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஒண்ணுமே கேக்கல.

டீக்கடைக்குப் பின்னால பரிபூரணம் அக்காவுக்கு ஒரு ஒத்த ரூமு கெடந்துச்சு, மதினி அத வாடகைக்குப் பிடிச்சுச்சு. டிரங்குப் பெட்டியையும் ரெண்டு வெறுங்குடத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு, மதினிய முன்னால ஒக்கார வச்சு, வண்டிய எடுத்தேன். பத்தடி போகல, பின்னால தளும்புற சத்தம். எறங்கிப் பாத்தா ரெண்டு குடமும் கழுத்து வரைக்கும் நெறஞ்சிருக்கு. மச்சு வீட்டு நிலைவாசலுக்கு அடியிலருந்து ஒரு தண்ணி, அரணாக்கயிறு தண்டிக்கு, படியெறங்கித் தெருவுல திரும்பி, மேட்டுல மூச்சு வாங்காம ஏறி, என் வண்டிக்குப் பின்னால, தாய்ப்பசுவுக்குப் பின்னால கன்னுக்குட்டி வர்ற மாதிரி வருது.

"மதினி, தண்ணி வருது."

"வரட்டும்," அப்படின்னுச்சு மதினி. "மெதுவாப் போப்பா, அது நடந்து பழகாதது."

அம்புட்டுத்தான். எப்படி வந்துச்சு, எதுக்கு வந்துச்சுன்னு எங்க ஊருல ஒருத்தரும் கேக்கல. தண்ணி வந்தா மொதல்ல குடத்த எடுக்கணும், கேள்வி கேக்குறதெல்லாம் தண்ணி உள்ள ஊருக்காரன் செய்யிற வேல.

மொத நா வாசல் நனைஞ்சுச்சு, ரெண்டாம் நா முழங்காலு ஆழம், ஒரு வாரத்துல டீக்கடைக்குப் பின்னால ஒரு ஊரணி நின்னுச்சு. வீட்டுத் தண்ணி மட்டும் இல்ல, பத்திரத்துல எழுதியிருந்த மாதிரியே எவ்விடத்துல எவர் வசம் இருந்ததோ அதெல்லாம் வந்துச்சு. வழிவிட்டான் அண்ணன் சந்தையில வித்த ஆட்டுலருந்து வந்துச்சு. அந்த வீட்டுல காது குத்துக்குச் சாப்பிட்டவுக, வெயிலுக்கு ஒதுங்கி ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சவுக, ஓட்டுக் கேக்க வந்து மோரு குடிச்சவுக அம்புட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல தும்மலு. ஆளுக்கு ஒரு தும்மலோ ரெண்டு தும்மலோ, குடிச்ச கணக்குக்குத் தக்கன, அந்த ஈரம் மண்ணுல விழாம அந்தரத்துலயே நெளிஞ்சு டீக்கடப் பக்கம் போகும். எனக்கு எம்பத்தேழு தும்மலு. மதினி வீட்டு மோரு அப்படி.

ஊரு அதுக்கும் பழகிருச்சு. குடத்த வரிசையா வச்சுக் கயிறு போட்டுக் கட்டுனாக, வரிசை முந்துனதுக்குச் சண்ட வந்துச்சு, சண்ட தீக்க டோக்கன் வந்துச்சு, டோக்கன் திருட்டும் வந்துச்சு. குருசாமி மாமா கரையோரமா நாத்துப் பாவுனாரு, நெல்லுன்னா எப்படி இருக்கும்னு காட்ட பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வந்தாக. கிராம அலுவலரு வந்து நீளம் அகலம் அளந்துட்டு, இது ஊரணியா, கெணறா, சீதனமான்னு எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு புரியாம, பேனாவத் தொறந்து மூடித் தொறந்து மூடி, ரெண்டு குடம் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. தங்கச்சாமி அண்ணன் ஒரு அட்டையில கூட்டிப் பெருக்கிச் சொன்னாரு, நாளைக்கு எட்டுக் குடம்னு வச்சாலும் லட்சம் குடத்துக்கு ஒரு நாலாயிரம் கம்மி. லட்சத்த நாங்க பணமாத்தான் கேள்விப்பட்டிருக்கோம், ஒருத்தி இடுப்புல இல்ல.

மதினி எதையும் கண்டுக்கல. ரூமு வாசல்ல காலத் தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும், யாரு மோந்தாலும் ஏன்னு கேக்காது. முப்பத்தி மூணு வருச அசதியையும் ஒவ்வொண்ணா எறக்கி வைக்கிற மாதிரி ஒக்காந்திருக்கும். வந்த அன்னைக்கு கால நீட்டுனதுதான், அந்தக் காலு ரெண்டும் இன்னும் நடந்துக்கிட்டே இருக்கிற மாதிரி துடிச்சுது, துடிப்பு அடங்க ஒம்பது நாளாச்சு.

ஒரு நா திருப்பூர்லருந்து அவுக மக போன் போட்டுச்சு, பனியன் கம்பெனியில தைக்கிற பிள்ள, பேரு பஞ்சவர்ணம். சத்தம் வெளிய கேக்குற போனு, எங்களுக்கும் கேட்டுச்சு.

"அம்மா, காலையிலருந்து கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குதும்மா. அழுகவும் இல்ல, கண்ணுநோவும் இல்ல. நாக்கெல்லாம் வறண்டு போச்சு."

மதினி தண்ணிக்குள்ளருந்து கால வெளிய எடுத்துச்சு. அந்தப் பக்கம் வடக்கருந்து ஒரு நூலு தண்ணி ரோட்டோரமா வந்துக்கிட்டு இருந்துச்சு, எம்புட்டுத் தொலவுலருந்து வந்துச்சோ, புழுதியெல்லாம் ஒட்டிக்கிட்டு. மதினி அதப் பாத்துச் சொல்லுச்சு, "உன்னைய யாரு கேட்டா? திரும்பிப் போ. பிள்ளைக்குக் குடுத்தது குடுத்ததுதான்." அந்த நூலு சித்த நேரம் நின்னுச்சு, பெறகு வந்த வழியே திரும்பிப் போயிருச்சு.

"அம்மா, நின்னுருச்சும்மா."

"ம். போயி ரெண்டு வாயி சாப்பிடு."

அப்பத்தான் ஊருக்கு ஒரு விசயம் வெளங்குச்சு. மதினி போன்னு சொன்னா அது போகும். அத தெரிஞ்சுக்கிட்ட ஊரு, தெரியாத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு குடம் பிடிச்சுச்சு.

ஏன்னா அங்க மச்சு வீட்டுல நெலம வேற. சுவத்து சிமெண்டுலருந்து தண்ணி போயிட்டதால செவுரு மாவாக் கொட்டுது, நகத்தால கீறுனா சன்னல் வைக்கலாம். வேம்பு ஒரே நாள்ல வெறகாயிருச்சு. ஷெட்டுல இருந்த கரி, என்னைக்கோ ஆத்துனது, ஆத்துன தண்ணி எந்திரிச்சுப் போகவும் மறுபடியும் செவந்து கனன்று, ஒரு லோடு மிஞ்சாம சாம்பலு. அதையெல்லாம் விடுங்க. அந்த மனுசன் ஒடம்பே முப்பத்தி மூணு வருசமா அந்தத் தண்ணியில வந்ததுதான. சுண்டக்கா வத்தலு மாதிரி ஆயிட்டாரு. தோலு சருகாச் சலசலக்குது, பேச்சு கடுதாசி கசக்குற மாதிரி வருது. லாரித் தண்ணி வாங்கிக் குடிச்சாரு, ஒடம்பு அத வாங்கல, வாயோரமா அப்படியே வழிஞ்சு போகுது. காத்து அடிச்சா பறந்துருவோம்னு வேட்டி மடிப்புல ஒரு அம்மிக்குழவியக் கட்டிக்கிட்டு நடந்தாரு. வைத்தியரு பாத்துட்டு, இப்படியே போனா அடுத்த அமாவாசை தாண்டாதுன்னாரு.

தங்கச்சாமி அண்ணன்தான் மொதல்ல வாயத் தொறந்தாரு, பாவம், எழுதுனவரு. "இருளாயி, நீ ஒரு வார்த்த சொன்னா அந்த ஆளு பொழைப்பாருத்தா."

ஊரு முந்திக்கிருச்சு. "விட்டுக்குடுத்துராத இருளாயி, பொம்பள மானம் என்ன ஆகுறது," அப்படின்னாரு குருசாமி மாமா, நாத்து ஒரு சாண் நிக்கிது அவருக்கு. "நீ பட்ட பாடு எங்களுக்குல்ல தெரியும்," அப்படின்னாக முப்பத்தி மூணு வருசமா அந்தப் பாட்ட வேடிக்க பாத்தவுக. நானும் சொன்னேன், மறைக்க மாட்டேன், என் வண்டிய அங்கதான் கழுவிக்கிட்டு இருந்தேன்.

மதினி எங்களையெல்லாம் ஒரு சுத்துப் பாத்துச்சு. "நான் ஒருத்தருக்குத் தண்ணி எடுத்தேன்," அப்படின்னுச்சு. "இப்ப ஊருக்கே எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒக்காந்துக்கிட்டு எடுக்குறேன், அதான் வித்தியாசம்."

மறுநா அண்ணனே வந்தாரு. குழவியப் பிடிச்சுக்கிட்டு, அடிமேல அடி வச்சு, டீக்கடையத் தாண்டி, வரிசை வெலகி வழி விட, மதினி முன்னால வந்து நின்னாரு. எங்களுக்குத் தெரியும், அவருக்கு வேணுங்கறது ரெண்டே வார்த்த, தண்ணி குடு. அது வாய் வரைக்கும் வருது, அங்க காஞ்சு ஒட்டிக்கிருது. மதினி எந்திரிச்சுப் போயி ஒரு சொம்பு எடுத்து, மோந்து, நீட்டுச்சு.

"உங்க ஒடம்புல உள்ளத நான் கேக்கல. அதுவா வந்துருச்சு. குடிங்க."

அண்ணன் குடிச்சாரு. தொண்டையில எறங்குற சத்தம் ரேஷன் கடை வரைக்கும் கேட்டுச்சு. காஞ்ச மண்ணுல மொத மழை எறங்குற மாதிரி தோலு கறுத்து நெகுந்து வந்துச்சு. சொம்பக் கீழ வச்சுட்டு, தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னு, இத்தன வருசத்துல கேக்காத ஒண்ணக் கேட்டாரு.

"இத எங்கருந்து கொண்டாந்த?"

அந்த ஒத்தக் கேள்விக்கு அலுத்த மாதிரி வேற எதுக்கும் மதினி அலுத்து நான் பாத்ததில்ல.

"ஓடையில ஊத்து. ஒண்ணரை மைலு. நீங்க அந்தப் பக்கம் வந்ததில்ல."

அன்னைக்கே மொதப் பத்திரத்த ரத்துப் பண்ணி ரெண்டாவது பத்திரம். தங்கச்சாமி அண்ணன் வாழ்க்கையிலயே மொதத் தடவையா, மேற்படி ஒண்ணு கூட இல்லாம எழுதுனாரு. பாதி வீடு இருளாயிக்கு, பாதி காடு இருளாயிக்கு, மாசம் பொறந்தா சாப்பாட்டுக்குக் காசு.

"அம்புட்டுத்தானா தாயி?"

"தெனம் ஒரு குடம் தண்ணி," மதினி சொல்லுச்சு. "ஊத்துலருந்து. அவரே சொமந்து கொண்டாந்து என் வாசல்ல வைக்கணும். ஆளு வைக்கக் கூடாது, வண்டி வைக்கக் கூடாது."

"இங்கதான் ஊரணியே கெடக்கே," குருசாமி மாமா பதறிட்டாரு.

"அது இப்பப் போயிரும் மாமா."

அப்படித்தான் போச்சு. அண்ணன் கைநாட்டு வச்ச ஈரம் காயல, தண்ணி எந்திரிச்சு, செவுத்துக்குள்ளது செவுத்துக்கு, வேம்புக்குள்ளது வேம்புக்கு, ஆட்டுக்குள்ளது ஆட்டுக்குன்னு, திருவிழா கலையுற கூட்டம் மாதிரி பிரிஞ்சு போச்சு. என் எம்பத்தேழு தும்மலும் திரும்ப மூக்கு வழியா ஏறுச்சு, அது எறங்குனதவிடக் கொடும. சாம்பலாப் போன கரிக்கு உள்ளது மட்டும் போக எடமில்லாம மதினி வாசல்லயே தங்கிருச்சு, ஒரு பாயி அகலம், காலு நனையிற ஆழம். குருசாமி மாமா நாத்தக் கையில பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு.

மதினி மச்சு வீட்டுக்குத் திரும்பல. தன் பாதிய அங்கன்வாடிக்கு வாடகைக்கு விட்டுருச்சு, நடுவுல செவுரு வச்சு. பிள்ளைக கத்துற கத்துல மறுபாதியில அண்ணனுக்கு மத்தியானத் தூக்கம் கெடையாது.

அவரு தெனம் குடத்தோட போனாரு. மொத நா வந்து சேந்தது அரைக்குடம், மிச்சம் வேட்டியில. ஆம்பள இடுப்புல குடமான்னு டீக்கடையில கெக்கெக்கேன்னு சிரிச்சோம், ரெண்டு வாரம் சிரிச்சோம், பெறகு எங்க வீட்டுப் பொம்பளைக எங்களப் பாத்த பார்வையில சிரிப்ப விட்டுட்டோம். குடத்த மதினி வாசல்ல வைப்பாரு, பேச மாட்டாரு, போவாரு. மதினியும் பேசாது. துரும்பு ஒடஞ்சது ஒடஞ்சதுதான், அத ஒட்ட வைக்க நான் என்ன கதையா சொல்றேன்.

நாப்பத்தி மூணாவது நா, வெயிலு ஏறுன நேரம், அவரு டீக்கடைக்கு எதுத்தாப்புல, நடுரோட்டுல, குடத்த எறக்கி வச்சுட்டுப் பக்கத்துல ஒக்காந்துட்டாரு. நான் வண்டிய ஒதுக்குனேன். மதினி ரூமுக்குள்ளருந்து வந்து பாத்துச்சு.

"அலுத்துப்போச்சு இருளாயி," அப்படின்னாரு.

"தெரியும்," மதினி சொல்லுச்சு. "எந்திரிங்க. இன்னும் பத்து எட்டுத்தான்."

அவரு எந்திரிச்சாரு. குடத்த அவரேதான் தூக்குனாரு, மதினி கை குடுக்கல, ஆனா அவரு வந்து சேர்ற வரைக்கும் வாசல்லயே நின்னுச்சு.

கதை முடிஞ்சுச்சு. இம்புட்டு நேரம் கத்தி எனக்குத் தொண்ட வறண்டு போச்சு, கேட்டவுக கூலி குடுத்துட்டுத்தான் எந்திரிக்கணும். பொம்பளையாளுக சும்மா போகலாம், நீங்க ஏற்கெனவே சொமந்தாச்சு. ஆம்பளைக மட்டும் ஆளுக்கு ஒரு குடம் தண்ணி கொண்டாந்து என் வண்டியில ஏத்துங்க. வீட்டுல சொல்லிவிட்டு சம்சாரம் கையில குடுத்தனுப்புனா செல்லாது, நான் இடுப்பப் பாத்துத்தான் வாங்குவேன்.